ஒரு பொறி, ஐந்து மேசை

நம் சங்கத்து வாசகசாலையில் ஞாயிறுதோறும் நடைபெறும் குழந்தைகள் வகுப்புக்குக் கணிப்பொறி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வரும் பிள்ளைகளோ பதினொருவர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்தால், ஒரு பிள்ளையின் விரல் பழகுமுன் அடுத்த பிள்ளை நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். பார்சல் அலுவலகத்தில் ஒப்பந்தக் கூலியாக உள்ள அன்பர் ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பில் பயில்பவள், மூன்று வாரம் வந்தாள். நான்காம் வாரம் வரவில்லை. காரணம் கேட்டோம். "மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் எதற்கு வர வேண்டும் மாமா?" என்றாள். அவள் வீட்டில் உள்ளது தந்தையின் கைப்பேசி ஒன்றே. அதுவும் அவரோடு பணிக்குச் சென்றுவிடும். பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும் மராத்தியும் பயிலும் நாகபுரிக் குழந்தைக்குத் தமிழ் எழுத இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாளில்லை.

பொருளாளரிடம் சென்றோம். "தம்பி, ஐந்து கணிப்பொறிக்குப் பணம் எங்கே? பொங்கல் விழாக் கணக்கே இன்னும் நேராகவில்லை" என்றார். அவர் சொன்னதும் உண்மையே.

நாம் பத்தாம் வகுப்புத் தேறிக் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானோமே யன்றிப் பொறியியல் கற்றோமில்லை. ஆயினும் முன்பதிவுச் சாளரத்தின் பழைய கதை இரயில்வேயில் உள்ளோர் பலரும் கேட்டதுதான். 1980களின் நடுவில் டில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கியபோது, எழுத்தர்முன் இருந்தவை திரையும் விசைப்பலகையுமே. எந்த வண்டியில் எந்தப் படுக்கை காலி என்னும் கணக்கெல்லாம் உள்ளே ஒரு பெரிய கணிப்பொறியில் இருந்தது. அம்முறை நம் வாசகசாலைக்கு ஏன் ஆகாது என்று எண்ணினோம்.

ஆகும் என்றே தெரிந்தது. லினக்ஸ் உலகில் இது புதிதுமன்று. ஓரிடத்தில் ஓடும் நிரலின் சாளரத்தை வேறிடத்துத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ முறை 1984இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பிறந்தது. பள்ளிகளில் பழைய கணிப்பொறிகளை இவ்வாறு முனையங்களாக்க உதவிய எல்.டி.எஸ்.பி. என்னும் திட்டம் 1999இல் தொடங்கியது. 2012இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து, சீட்டுக்கட்டின் அளவேயுள்ள ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி 35 டாலர் விலைக்கு வந்த பின்னர், முனையத்துக்கென்று பெரிய பெட்டி ஏதும் வேண்டாமலே போயிற்று.

அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட கணிப்பொறியை, 16 ஜிபி நினைவகத்தோடு, மலிவாக வாங்கினோம். அதுவே தலைமைப் பொறி. அதில் டெபியன் லினக்ஸும், பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ மேசைத்திரையும், தொலைவிலிருந்து வருவோரை உள்ளே விடும் எக்ஸ்ஆர்டிபி என்னும் நிரலும் இட்டோம், இம்மூன்றுக்கும் காசில்லை. பழைய ராஸ்பெரி பை 3 நான்கு கிடைத்தன. குழந்தை தட்டும் விசையை அவை தலைமைப் பொறிக்கு அனுப்பும். அங்கே ஆன வேலையின் படத்தை வாங்கித் திரையில் காட்டும். அவ்வளவே அவற்றின் ஊழியம். தலைமைப் பொறியின் முன்னும் ஒருவர் அமரலாமாதலால் ஆக ஐந்து இடம். பத்து நிமிடமாக இருந்த முறை ஏறக்குறைய ஒரு மணி நேரமாயிற்று.

திரைகளை அன்பர்கள் அளித்தனர். பழைய திரைகளுக்கு விஜிஏ வாய்; சிறு பொறிக்கோ எச்டிஎம்ஐ வாய். இடையே ஒரு மாற்றித் துண்டு வேண்டும். அதை வாங்கப் பொருளாளர் மூன்று நாள் யோசித்தார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

தமிழ்99 விசைப்பலகையைத் தலைமைப் பொறியில் ஒருமுறை அமைத்தோம். ஐந்து மேசையிலும் வந்துவிட்டது. உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து வலக்கைப் பக்கம் என்றமைந்த அதனைப் பிள்ளைகள் நம்மினும் விரைவாகப் பற்றிக்கொண்டனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனிக் கோப்புறை. ஒருவர் எழுதியதை மற்றவர் திறக்கவியலாது. வீட்டில் தனக்கென்று ஓர் இழுப்பறைகூட இல்லாத குழந்தைக்கு இது சிறிய காரியமன்று.

குறைகளும் உண்டு. திரைப்படம், பாட்டு முதலியவை தடுக்கித் தடுக்கி வரும். இம்முறை எழுதவும் படிக்கவும் நிரல் பயிலவுமே ஏற்றது. ஐவரும் ஒருங்கே வலைப்பக்கங்களை மிகுதியாகத் திறந்தால் தலைமைப் பொறி மேட்டில் ஏறும் சரக்கு வண்டிபோலத் திணறும். அது நின்றால் ஐந்து மேசையும் நின்றன. ஆகையால் மின்கலம் ஒன்றை அதற்கு மட்டும் வைத்தோம். மின்சாரம் திடீரென நிற்கையில் சிறு பொறிகளின் நினைவக அட்டை கெடுவதுண்டு. அவ்வட்டையில் எதுவும் எழுதப்படாமல், படிக்க மட்டும் ஆகுமாறு அமைத்துவிட்டால் அந்த அச்சம் பெரும்பாலும் இல்லை.

அச்சிறுமியை அவள் தாயிடம் சொல்லி மீண்டும் வரவழைத்தோம். விருத்தாசலத்திலுள்ள தன் பாட்டிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். "அன்புள்ள ஆயா" என்று தொடங்கி எட்டு வரி ஆகியிருக்கும், மின்சாரம் போயிற்று. திரை இருண்டதும் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டாள். பொறு அம்மா என்றோம். கால் மணிக்குப் பின் விளக்கு வந்தது. அவளிருந்த மேசையில் திரை மட்டும் உயிர் பெறவில்லை. வேறு மேசையில் அமர்த்தி அவள் பெயரை இடச் சொன்னோம். கடிதம் எட்டாம் வரியில், பாதிச் சொல்லில், விட்டபடியே நின்றது. ஏனெனில் அது அந்த மேசையில் என்றுமே இருந்ததில்லை. மின்கலத்தின் துணையால் அணையாதிருந்த தலைமைப் பொறியில் இருந்தது. "இது எப்படி மாமா இங்கே வந்தது?" என்று கேட்டாள். விடை கேட்கக் காத்திராமல் எழுதத் தொடங்கிவிட்டாள். அக்கடிதம் அச்சிடப்பெற்று அஞ்சலில் சென்றது.

உயிர் பெறாத அத்திரைக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. நான்கு மேசைகளே இப்போது நடக்கின்றன. வீட்டில் ஒதுக்கி வைத்த திரையுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் வாசகசாலைக்குக் கொணரலாம். மாற்றித் துண்டு நம்மிடம் ஒன்று மீதமிருக்கிறது.