கரைவலையும் மீனின் கடைசி நிமிடங்களும்

தனுஷ்கோடிக் கரையில் மீனைக் கொல்வதென்று தனியாக ஒரு வேலை கிடையாது. கரைவலையின் பைபோன்ற மடி மணலில் ஏறியதும் மீன் காற்றில் கிடந்து தானாகச் சாகிறது. ஆடு மாடுகளை அறுப்பதற்கு விதிகள் உண்டு. ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது, அறுக்குமுன் உணர்விழக்கச் செய்யத் தனி இடம் வேண்டும் என்கின்றன 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ மனிதரல்லாத எல்லா உயிரையும் விலங்கென்றே வரையறுக்கிறது. உணவுக்காகக் கொல்வதற்கு அது விலக்கு அளித்தாலும், தேவையற்ற வலிக்கு அளிக்கவில்லை. அந்த வரையறைக்குள் மீனும் அடங்கும்.

கரைவலை கூட்டு உழைப்பு. ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகச் சுற்றி, வலையை இறக்கியபடியே வந்து மறுகயிற்றைச் சற்றுத் தள்ளிக் கரைசேர்க்கிறது. இரண்டு அணியாக நின்று, இடுப்பு வாரைக் கயிற்றில் பிணைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து இழுக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் வாரைக் கழற்றித் தண்ணீரோரம் வந்து மறுபடி பிணைக்கிறார். மணிக்கணக்கில் நீளும் இந்த இழுப்பில் இரு அணிகளும் மெல்ல மெல்ல நெருங்கி வருகின்றன.

மடி அவிழ்ந்ததும் பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் மீனின் பாடு தெரிகிறது. காரலின் வாய் குழாய்போல் முன்னே நீண்டு நீண்டு உள்ளிழுக்கிறது. ஊளி துள்ளித் துள்ளி மணலில் புரள்கிறது. கணவாய் கக்கிய மையில் எல்லாம் கறுக்கின்றன. பெண்கள் இனம் பிரித்துப் பெட்டிகளில் இடும்போதும் செவுள்மூடிகள் அசைந்துகொண்டேயிருக்கின்றன.

செவுள் இழைகள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மீனுக்கு மூச்சு முட்டுகிறது. உயிர் அடங்கச் சில இனங்களுக்குச் சில நிமிடம் ஆகும், சிலவற்றுக்கு அதைவிட வெகுநேரம். வானவில் டிரவுட் மீனின் தலையில் வலியுணரும் நரம்புமுனைகள் உண்டென்று 2003இல் லின் ஸ்னெடனும் சகாக்களும் காட்டினார்கள். மீன் உணரும் வலி எத்தகையது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அது ஓயும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் சட்டென்று கொல்வது மீனவருக்கும் ஆதாயம். துடித்துச் சாகும் மீனின் தசையிலுள்ள சக்தி தீர்ந்து அமிலம் கூடுகிறது. உடல் சீக்கிரமே விறைத்து, சதையின் தரம் குறைகிறது.

ஜப்பானிய மீனவர்களின் இகேஜிமே முறையில், கூரான முனையை மூளைக்குள் செலுத்தி, செவுளருகே அறுத்து இரத்தம் வடித்து, முதுகெலும்புக் குழாய்க்குள் மெல்லிய கம்பி விடுகிறார்கள். தனுஷ்கோடி மணலில் அவ்வளவும் வேண்டியதில்லை. சீலா, பாறை போன்ற பெரிய மீனுக்குக் கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலையுச்சியில் கட்டையால் ஓங்கி ஒரே அடி போதும். செவுள்மூடியின் அசைவு நின்றதைப் பார்த்த பிறகு இரத்தம் வடிக்கலாம்.

குவியலாக வரும் காரலையும் சாளையையும் ஒவ்வொன்றாக அடிக்க முடியாது. கடல்நீரில் நொறுக்கிய ஐஸைத் தாராளமாகக் கலந்த தொட்டியில் உடனே கொட்டுவதே நடக்கக்கூடிய வழி. வலியே இல்லாத முறை என்று இதைச் சொல்ல முடியாது. வெயிலில் மணலில் கிடப்பதைவிட மேல். இதற்கும் இடைஞ்சல் உண்டு. 1964 டிசம்பர் புயலில் அழிந்து, குடியிருக்கத் தகாதது என அறிவிக்கப்பட்ட இடம் இது. ஐஸ் ராமேஸ்வரத்திலிருந்து வர வேண்டும். 2017இல் தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனை வரை சாலை திறந்ததால் வண்டியில் கொண்டுவரலாம். ஆனால் செலவு போக மிஞ்சுவதுதான் இழுப்பவர்களின் பங்கு. கருவாட்டுக்குப் போகும் காரலுக்கு ஐஸ் வாங்கு என்று இழுப்பவர்களிடம் சொல்வது நியாயமாகாது. அந்தச் செலவை வியாபாரியோ மீன்வளத் துறையோதான் ஏற்க வேண்டும்.

மீனோடு கடலாமை சிக்கினால் உயிரோடு கடலில் விட்டாக வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது.

திருக்கைக்குத்தான் தனிக் கவனம் வேண்டும். வால்முள்ளுக்கு அஞ்சி, உயிர் இருக்கும்போதே வாலை வெட்டிவிடுவது உண்டு. முன்பக்கமாக வந்து, நீளமான கட்டையால் இரு கண்களுக்கும் நடுவே முதலில் அடித்து, அசைவு அடங்கிய பின் வாலை வெட்டினால் வெட்டுபவரின் காலுக்கும் ஆபத்து குறைவு.