காளியால் கழற்ற முடியாத முகமூடி

டபிள்யூ.டபிள்யூ.இ. ட்ரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கையில் 'கிரேட் காளி' வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். 'ஹைட்' என்று கூப்பிட்டால் போதும், எதிரில் இருப்பவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கார்டை நீட்டிவிடுவான். ரே மிஸ்டீரியோ வந்தால் கதை தலைகீழ். உயரமும் கேட்க முடியாது, எடையும் கேட்க முடியாது. ஜெயித்த சண்டை எத்தனை என்று எதையாவது பிடித்துத் தொங்கித்தான் தப்பிக்க வேண்டும்.

ஓசூர் பக்கம் நாங்கள் அவரைக் 'காலி' என்றுதான் சொல்வோம். அவர் வந்தால் எதிராளி காலி, அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்த அர்த்தம். அது காளி தேவியின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. பாட்டியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "நம்மூர்ல காளியப்பன் இல்லையா, காளிமுத்து இல்லையா? அப்படித்தான்டா" என்று முடித்துவிட்டாள்.

அந்தக் கார்டுக்குப் பின்னால் இருந்தவர் தலிப் சிங் ராணா. 1972 ஆகஸ்ட் 27 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் திரைனா என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். ஏழு பிள்ளைகள் இருந்த ஏழை விவசாயக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம் இரண்டரை ரூபாய் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பு நின்றது என்றும், 8 வயதில் ஒரு நாளைக்கு 5 ரூபாய் கூலிக்கு மரக்கன்று நடப் போனதாகவும் தன் சுயசரிதையில் சொல்கிறார். வளர வளரக் கூலி வேலைகள் மாறின, உடம்பும் நிற்காமல் வளர்ந்தது. கடைசியில் சிம்லாவில் செக்யூரிட்டி வேலை. அங்கேதான் பஞ்சாப் போலீஸ் அதிகாரி ஒருவரின் கண்ணில் பட்டார். 1993-இல் பஞ்சாப் போலீஸில் சேர்ந்தார். ஜலந்தரில் உடற்பயிற்சி, பிறகு அமெரிக்கா. 2000-இல் கலிஃபோர்னியாவில் 'ஜெயன்ட் சிங்' என்ற பெயரில் முதல் மேடை.

இதில் எனக்கு எப்போதும் இடறுகிற இடம் சிம்லாதான். ஏழடி மனிதனுக்கு நம் நாட்டில் முதலில் கிடைத்த உருப்படியான வேலை, காவலுக்கு நிற்பது.

நான் வேலை பார்க்கிற சிப்காட்டிலும் அதே கணக்குதான். ஒரு கம்பெனிக்கு உள்ளே கோடிக்கணக்கில் மெஷின் இருக்கும், வெளியே கேட்டில் ஒரு உயரமான ஆள் இருப்பான். எங்கள் கேட்டில் இருந்தவர் கோரக்பூர் பக்கத்துக்காரர், 6 அடி 4 அங்குலம். ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கும் அப்ரண்டிஸ் பையன்கள் அவரைப் பார்த்த முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள்: காளி. அதன் பிறகு ஹெச்.ஆர். மேடம்கூட "காளிகிட்ட சாவி குடுத்திடுங்க" என்றுதான் சொல்வார். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இந்தப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிற ஊர் இது. ஆனால் வடக்கிலிருந்து வருகிற எல்லோருக்கும் எங்களிடம் இருப்பது ஒரே பெயர்: 'இந்திக்காரன்'. ஒடிசாவா, அஸ்ஸாமா என்று யாரும் கேட்பதில்லை.

தலிப் சிங்குக்கும் அமெரிக்காவில் இதேதான் நடந்தது. இமாச்சல்காரரை 'பஞ்சாபி' ஆக்கினார்கள். அவருக்காகவே மூங்கில் கூண்டு கட்டி, அதற்குப் 'பஞ்சாபி சிறை' என்று பெயர் வைத்தார்கள். 2006 ஜூலையில் நடந்த அந்த முதல் போட்டியில் மருத்துவ அனுமதி கிடைக்காமல் அவரால் இறங்க முடியவில்லை. பிக் ஷோ இறங்கினார். கூண்டில் யார் பெயர் இருந்தாலும் உள்ளே தேவைப்பட்டது ஒரு ராட்சசன்.

அவர் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குள் வந்தது அதே வருஷம் ஏப்ரலில். வந்தவுடன் அடித்தது அண்டர்டேக்கரை. மே மாதம், அப்போதைய சாம்பியன் ரே மிஸ்டீரியோவை ஒரு சண்டையில் வீழ்த்தினார். 7 அடி 1 அங்குலம், 157 கிலோ ஒரு பக்கம். 5 அடி 6 அங்குலம், 79 கிலோ மறுபக்கம். 2007 ஜூலையில் 20 பேர் இறங்கிய பேட்டில் ராயலில் ஜெயித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். செப்டம்பரில் பட்டீஸ்டாவிடம் பெல்ட் போனது. மும்முனைப் போட்டியான அதில் மூன்றாவது ஆள் மிஸ்டீரியோ.

இதையெல்லாம் டிவியில் பார்க்கும்போது பின்னால் இருந்து என் அப்பாவின் குரல் வரும். "எல்லாம் செட்டப்புடா." அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் 20 வருஷம் இருந்தவர். செட்டப் என்று சொல்லிவிட்டு எழுந்து போக மாட்டார், நின்று பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், தூக்குகிறவனின் முதுகைப் பார்ப்பார்.

"இவன் தூக்கலடா, அவன்தான் எம்பிக் குடுக்கறான். ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டுத்தான் செய்றானுங்க. ஆனா விழுறான் பாரு, அந்த முதுகு வலி வலிதான்."

பட்டறையில் ஸ்லாப் மாற்றுவதும் அப்படித்தானாம். நான்கு பேர் பிடித்தால் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வர வேண்டும். ஒருத்தன் கை நழுவினால் இன்னொருத்தன் கால் போச்சு. மல்யுத்த மேடையைப் பற்றி நான் படித்த எதுவும் அப்பா சொன்ன இந்த விளக்கத்தைத் தாண்டவில்லை. யார் ஜெயிப்பது என்று முன்னாடியே முடிவாகிவிடுகிறது. விழுவதை அப்படி எழுதிவைக்க முடியாது; எதிரியாக நடிக்கிறவன்தான் உங்கள் கழுத்தைக் காப்பாற்ற வேண்டும்.

காளியின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு கறுப்பு நாள் உண்டு. 2001 மே மாதம், கலிஃபோர்னியாவில் அவர் சேர்ந்திருந்த பயிற்சிப் பள்ளியில் 27 வயது மாணவர் ஒருவர் அவரோடு பயிற்சி செய்யும்போது விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அந்த மாணவருக்கு அதற்கு முன்பே ஒருமுறை தலையில் அடிபட்டிருந்தது. வழக்கு நடந்து, 2005-இல் அந்தப் பள்ளி குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. அடிபட்ட ஆளை மறுபடி வேலையில் இறக்குவது என்றால் என்ன என்று சிப்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று மெக்சிகோவில், 2015 மார்ச்சில். டிஹுவானா நகரத்தில் ரே மிஸ்டீரியோவும் பெர்ரோ அகுவாயோ ஜூனியரும் எதிரெதிர் அணியில் மோதினார்கள். ஒரு உதைக்குப் பிறகு அகுவாயோ கயிற்றின் மேல் சரிந்து அசையாமல் கிடந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. ஆனால் சண்டை இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது, ஏனென்றால் அசையாமல் கிடப்பதும் அவர்கள் தொழிலில் நடிப்புதான். 'எல்லாம் செட்டப்' என்ற நம்பிக்கை பார்வையாளர்களுக்கு மட்டும் இருக்கவில்லை.

மெக்சிகோவில் இந்தத் தொழிலுக்கு 'லூச்சா லீப்ரே' என்று பெயர். அங்கே முகமூடிதான் எல்லாம். எல் சாண்டோ என்ற மகா வீரர் 1942-இல் வெள்ளி முகமூடி போட ஆரம்பித்தார். படங்களில் நடித்தார், காமிக்ஸில் வந்தார், ஊரே கொண்டாடியது. 1984-இல் இறந்தபோது அவரை முகமூடியோடுதான் புதைத்தார்கள். மிஸ்டீரியோ பிறந்தது அமெரிக்கா என்றாலும், டிஹுவானாவில் தன் மாமாவிடம் தொழில் கற்று 14 வயதில் மேடை ஏறியவர், பெயரே மாமாவுடையது. அங்கே முகமூடி வீட்டுச் சொத்து மாதிரி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

அந்த முகமூடியில் ஒரு வசதி இருக்கிறது. கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போகலாம், வரிசையில் நின்று பால் வாங்கலாம், யாருக்கும் தெரியாது. குள்ளமான மிஸ்டீரியோவை நான் கார்டு விளையாட்டில் வெறுத்திருக்கிறேன். அவர் மாலையில் யாரோ ஒருவராக வீட்டுக்குப் போக முடியும் என்பது அந்தக் கார்டில் போட்டிருக்கவில்லை.

காளிக்கு அந்த வசதி கிடையாது. அவர் முகமூடி அவர் எலும்பு. மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் அளவில்லாமல் சுரக்கும். தாடை, கை, கால் எல்லாம் பெருத்துக்கொண்டே போகும். மூட்டும் இதயமும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். இதே நோயோடு மேடையில் உலகத்தையே மிரட்டிய ஆந்த்ரே தி ஜெயன்ட் 1993-இல் இறந்தபோது வயது 46. காளிக்கு 2012-இல் பிட்ஸ்பர்க்கில் அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள். சிர்மௌர் மலையிலிருந்து அவரை மேடைவரை கொண்டுபோனதும் அந்தக் கட்டி, உள்ளிருந்து அரித்ததும் அதே கட்டி. நோயே சம்பளம் தந்தால் மருந்து சாப்பிடுவதா வேண்டாமா? இது தத்துவக் கேள்வி மாதிரி இருக்கும். மூக்கில் கிரானைட் தூசியோடு வீட்டுக்கு வந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது மளிகைக் கணக்கு.

எங்கள் கேட் காளிக்கு நோய் எதுவும் இல்லை, குடும்பமே உயரம். ஆனால் 12 மணி நேரம் நின்று நின்று முழங்கால் வீங்கிவிட்டது. உட்கார ஒன்றும் கிடையாது. நிற்க வேண்டிய வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருந்தது. கடை ஊழியர்களுக்காக 2021-இல் தமிழ்நாடு தனியாகச் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. காண்ட்ராக்டரிடம் நான் நாற்காலி கேட்டபோது அவர் சட்டம் பேசவில்லை. "ஹைட்டான ஆள் நின்னாத்தாங்க கேட்டுக்கு கெத்து. உட்காந்துட்டா அவனுக்கு எதுக்கு இந்த ரேட்டு?" என்றார்.

உயரத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அதிகம் தருகிறார்களாம். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

ஒரு நைட் ஷிப்டில் டீ குடிக்கும்போது அவரிடம் காளியின் ஆபரேஷன் கதையைச் சொன்னேன். என் இந்தியும் அவர் தமிழும் சேர்ந்தால் ஒரு மொழி ஆகும். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பையா, காளி நின்னா டாலர். நான் நின்னா கால் வலி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

காளி அதன் பிறகு 2015-இல் ஜலந்தரில் சொந்தமாக மல்யுத்தப் பள்ளி ஆரம்பித்தார். சல்வார் கமீஸோடு மேடையேறி, 2017-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. போன ஹரியானாவின் கவிதா தேவி அங்கே பயிற்சி எடுத்தவர்தான். 2021-இல் ஹால் ஆஃப் ஃபேம். இன்றைக்கும் அவரோடு செல்ஃபி எடுப்பவர்கள் அவர் இடுப்பு அருகில் நின்றுதான் சிரிக்கிறார்கள். ஒரு கையால் ஆளைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள். அவரும் தூக்குகிறார். அந்த முதுகுக்கு 50 வயது தாண்டிவிட்டது.

எங்கள் கேட்காரர் போன தீபாவளிக்கு முன்னால் வேலையை விட்டார். இப்போது அத்திப்பள்ளியில் ஒரு ஏ.டி.எம். வாசலில் இருக்கிறார். பார்டர் தாண்டிப் போகும்போது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். சம்பளம் இரண்டாயிரம் குறைவு என்றார். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தட்டிக் காண்பித்தார். அதில் உட்கார்ந்தபோது அவர் தலை என் தோளுக்குக் கீழே இருந்தது. அவரை அவ்வளவு உயரத்தில் நான் பார்த்ததே இல்லை. ஏ.டி.எம்.முக்கு வந்த யாரும் அவரை ஒரு நிமிஷம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.