முழு லாக்கில் ஒரு செஃபிரோ

திங்கள்

கிள்ளான் பட்டறைக்கு மறுபடியும் ஓர் ஏ31 செஃபிரோ வந்திருக்கிறது. நிஸான் 1988இல் இறக்கிய வண்டி. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்தில். ஜப்பானில் ட்ரிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு நிஸானின் சில்வியா எப்படியோ, மலேசியாவில் நம் பையன்களுக்கு இது அப்படி. சில்வியாவின் பாகங்கள் பலவும் இதில் பொருந்தும். மற்றவற்றுக்கு, பழைய கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப்கட் கடைகள் இருக்கின்றன.

வண்டிக்காரத் தம்பி வந்ததும் வராததுமாக, "அண்ணே, ஆங்கிள் பத்தல. காடி சுத்திக்குது. அறுபது டிகிரி வேணும்" என்றான்.

அவன் கேட்பதில் நியாயம் உண்டு. பின்பக்கம் வெளியே வழுக்கும்போது முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் வண்டியைத் தாங்குகிறோம். ஸ்டியரிங் கடைசிவரை போய் முட்டிய பிறகும் வண்டி சுழன்றுகொண்டிருந்தால் ஓட்டுபவன் கையில் ஒன்றும் இல்லை. ஜப்பானிய ட்ரிஃப்ட் முன்னோடி கெய்ச்சி ட்சுசியா தன் டொயோட்டா ஏஇ86ஐ மலைப்பாதையில் வழுக்கவிட்ட காலத்தில் எஞ்சினுக்கு 130 குதிரைத்திறன்தான். டயரும் அவ்வளவாகப் பிடிக்காது. இன்று ஃபார்முலா ட்ரிஃப்ட் போட்டி வண்டிகள் பலவற்றுக்கு ஆயிரம் குதிரைத்திறனும் அதற்கு மேலும் இருக்கிறது. பின்டயர் தரையைக் கவ்விக்கொண்டே வழுக்குகிறது. அந்த வேகத்தில் கோணத்தைப் பிடித்து நிறுத்தத்தான் எஸ்தோனியாவின் வைஸ்ஃபாப் போன்றவர்கள் முன்பக்கத்துக்கே தனி செட் செய்து விற்கிறார்கள்.

ஆனால் தம்பி டிகிரியை மட்டும் கேட்கிறான். அந்த டிகிரியில் இரண்டு டயரும் தரையில் எப்படி நிற்கும் என்று கேட்கவில்லை.

செவ்வாய்

இன்று முழுக்க அளவுதான். அலைன்மெண்ட் கடையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து கேம்பரையும் (சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாயும் அளவு) டோவையும் (சக்கரத்தின் மூக்கு உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) பார்த்துக் காகிதத்தை நீட்டிவிடுவார்கள். வேலைக்குப் போய்வரும் காருக்கு அது போதும். ட்ரிஃப்ட் வண்டி பாடுபடுவதெல்லாம் ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது. அந்த நிலையில் அளக்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் கீழே இரண்டு அலுமினியத் தகடு, நடுவே கிரீஸ். மேல்தகட்டில் ஒரு முள், கீழ்த்தகட்டில் டிகிரிக் கோடுகள். பையன் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்ப, இரண்டு சக்கரத்தின் கோணத்தையும் அட்டையில் எழுதிக்கொண்டே போனேன். ஸ்டியரிங் கடைசிவரை போய் முட்டும் முழு லாக்கில் வலச்சக்கரம் 40, இடச்சக்கரம் 33.

இந்த ஏழு டிகிரி வித்தியாசத்துக்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. மியூனிக்கில் கோச்சு வண்டி செய்த கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் கண்டுபிடித்ததை, 1818இல் லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் காப்புரிமை எடுத்துவைத்தார். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போவதால், உள்சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். டயர் தேயாமல் மெதுவாகத் திரும்புகிற எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

ட்ரிஃப்டில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. இடப்பக்க வளைவில் ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. பாரம் முழுக்க வலது முன்சக்கரத்தின் மேல். முந்திப் போவது அதுதான். அது 40இல் நிற்க, பின்தொடரும் இடச்சக்கரம் 33இல் நின்றால் இரண்டும் வேறுவேறு திசையில் இழுக்கின்றன. வண்டி வேகம் இழக்கிறது, முன்பக்கம் உதறுகிறது. ஓட்டுபவன் ஆங்கிள் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறான். எனவே இந்த ஆக்கர்மன் வித்தியாசத்தைக் குறைத்து, முழு லாக்கில் இரண்டும் ஏறக்குறைய இணையாக நிற்கும்படி செய்ய வேண்டும். இது நடக்காமல் அறுபது டிகிரி கொடுத்தும் பயனில்லை.

புதன்

தம்பி ஒரு ஜோடி நக்கிள் கொண்டுவந்தான், முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம். யாரோ வெட்டிக் குறுக்கி வெல்டிங் வைத்தது. கைமாறி வந்திருக்கிறது, யார் செய்தது என்று அவனுக்கே தெரியாது.

குறுக்குவதன் காரணம் சரியானதுதான். நக்கிளில் நீட்டியிருக்கும் ஸ்டியரிங் கையின் நீளம் குறைந்தால், ஸ்டியரிங் ரேக் அதே தூரம் நகர்ந்தாலும் சக்கரம் அதிகம் திரும்பும். ஸ்டியரிங் கனமாகும், வேகமாகும். பவர் ஸ்டியரிங் எண்ணெய் சூடேறும். அதையெல்லாம் சமாளிக்கலாம். ஒட்டு விட்டுப்போனால் சமாளிக்க முடியாது.

ஒட்டை நன்றாகத் துடைத்து, விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்து ஊறவைத்தேன். மேலாகத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்த கொஞ்ச நேரத்தில், ஒட்டின் ஓரமாக முடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு கசிந்து மேலே வந்தது. தம்பி குனிந்து பார்த்தான். எதுவும் பேசவில்லை. அந்த ஜோடி இந்த வண்டியில் ஏறாது. முழுத்துண்டு இரும்பில் கடைந்தெடுத்த நக்கிள் வரவழைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டான். விலை கூடத்தான், ஆனால் முன்சக்கரம் கழன்று ஒரு பிள்ளை போய்ச் சுவரில் மோதுவதை நான் பார்க்கத் தயாரில்லை. ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு இந்த வேலையைக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் இதனால்தான்.

ரேக் ஸ்பேசரும் கேட்டான். ரேக்குக்கும் டை ராடுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் வளையம் போட்டால் ரேக் அந்த அளவு கூடுதலாக ஓடும். மரை போதுமான ஆழம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து 3 மில்லிமீட்டர் வளையம் போட்டோம். அதற்கு மேல் வேண்டாம் என்றேன்.

வெள்ளி

நக்கிள் வந்து ஏறிவிட்டது. லோவர் ஆர்மும் 25 மில்லிமீட்டர் நீளமானது. டயரின் உள்விளிம்பில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, சக்கரத்தை ஏற்றியும் இறக்கியும் முழு லாக்குக்குத் திருப்பினோம். டென்ஷன் ராடில் ஒரு வெள்ளைக் கீறல், உள்மட்கார்டில் ஒன்று. மட்கார்டைத் தட்டி ஒதுக்கினோம். நேரான ராடுக்குப் பதில் வளைந்தது போட்டோம். பிரேக் ஹோஸ் முழு லாக்கில் விறைத்து நின்றதால் அதையும் நீளமாக மாற்றினோம். பலர் பார்க்காமல் விடுகிற இடம் இது.

இன்னொரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கோணம் மிகவும் கூடினால் டை ராடும் ஸ்டியரிங் கையும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும். கொஞ்சம் தாண்டினால் சக்கரம் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது. வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, லாக்கில் வைத்து டயரைக் கையால் தள்ளிப் பார்த்தேன். தயக்கமில்லாமல் திரும்பி வந்தது. வலம் 56, இடம் 53. தம்பிக்கு நான்கு டிகிரி குறைவு என்று மனத்தாங்கல்.

பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கால் சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தி டோ மாறுகிறதா என்று பார்த்தோம். வண்டியைத் தாழ்த்தியதால் லோவர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது. டை ராடின் சாய்வு அதோடு ஒத்துப்போகவில்லை. சக்கரம் ஏற ஏற டோ தானாக விரிந்தது. மேடுபள்ளம் ஒவ்வொன்றும் ஸ்டியரிங்கைத் தொட்டுப்போகும் என்று அர்த்தம். நீளமான பால் ஜாயிண்ட் போட்டு ஆர்மைப் படுக்கைக்குக் கொண்டுவந்து, டை ராடின் முனையையும் அதே கணக்கில் இறக்கினோம். உருளுமையம் மேலே வருவதால் வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதும் குறையும்.

டென்ஷன் ராடை முறுக்கிக் குறுக்கி, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான கேஸ்டரை 7 டிகிரி வைத்தேன். கேஸ்டர் இருந்தால்தான் கையைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாக எதிர்ப்பக்கம் ஓடும். அதற்கு ஒரு விலை உண்டு: லாக்கில், முந்தும் சக்கரத்தின் தலை வெளியே சாய்கிறது. அதை ஈடுகட்டத்தான் நேரான நிலையில் நெகட்டிவ் கேம்பர் 4 டிகிரி. நின்றிருக்கும்போது பார்க்கிறவர்கள் ஏன் இப்படிச் சக்கரம் கோணியிருக்கிறது என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் பாரம் தாங்கும் டயர் தட்டையாக நிற்கிறது.

சனி

பின்பக்கம். இங்கேதான் எனக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் சுலபமாக வழுக்கும் என்கிறான். வழுக்கும், தள்ளாது. தள்ளினால்தான் வேகம், வேகம் இருந்தால்தான் முன்னால் செய்த கோணத்துக்கு வேலை. முன்னால் 8 கிலோ ஸ்பிரிங், பின்னால் 6 கிலோ, அப்சார்பரைத் தளர்த்தி வைத்தேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்பக்கம் அமர்ந்து டயரை அழுத்த வேண்டும். கேம்பர் ஏறக்குறைய நேர், டோ கொஞ்சம் உள்ளே.

ஞாயிறு, சிப்பாங்

தார் சூடேறும் முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டான். முதல் வளைவில் கையைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாக ஓடி நிற்பதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் இணையாக நின்றன. வண்டி வேகத்தை இழக்காமல் வளைவை முடித்தது.

இறங்கி வந்ததும், "அண்ணே, லாக்கு முட்டவே இல்ல" என்றான். 56இலேயே இடம் மிச்சம் இருக்கிறது. வலது முன்டயரைத் தடவிப் பார்த்தேன். தேய்மானம் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை ஒரே சீராக இருந்தது. பின்டயர்களில் மட்டும் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி. அடியில் படுத்து, கம்பியால் நெம்பிப் பார்த்தபோது சப்ஃபிரேம் புஷ் இடப்பக்கம் ஆடியது. முப்பது வருட ரப்பர். பின்பக்க டோ ஓடும்போது ஓர் அளவு, நிற்கும்போது ஓர் அளவு. புதன்கிழமைக்குள் அலுமினியப் புஷ் வந்துவிடும். அதைப் போட்டு டோவைத் திரும்பவும் அளக்க வேண்டும், பவர் ஸ்டியரிங்குக்கு ஒரு கூலரும் மாட்ட வேண்டும்.