முழுவிடு பிழை

வணிகவியல் மாணவிகளுக்குத் தமிழ் நடத்துகிற எனக்கு ஒவ்வோராண்டும் யாராவது ஒருத்தி இந்தக் கேள்வியைக் கொண்டுவருவாள். "மிஸ், வீட்ல பணம் வந்தா வரவுன்னு எழுதுறோம். அக்கவுண்ட்ஸ்ல பணம் வந்தா பற்றுன்னு எழுதச் சொல்றாங்க. தமிழ் தப்பா, அக்கவுண்ட்ஸ் தப்பா?" இரண்டும் தப்பில்லை. அங்கே பற்றும் வரவும் ஒரு கணக்கின் இடப்பக்கம், வலப்பக்கம், அவ்வளவுதான். பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் இடப்பக்கம் எழுத வேண்டும். அது எங்கிருந்து வந்ததோ அந்தக் கணக்கில் அதே தொகை வலப்பக்கம். எதையும் இரண்டு முறை எழுதாமல் விடக் கூடாது.

இந்தக் கேள்விக்காகத்தான் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலை வாங்கினேன். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், எடுப்புகள் என்று கலைச்சொற்கள் நன்றாகவே இருக்கின்றன. பேரேடு என்பதைப் பெருமை, ஏடு என்று பிரிக்க வேண்டும். எனக்கென்னவோ அது பேர் ஏடாகத்தான் கேட்கிறது. கணக்கு வைத்துக்கொள்ளத் தகுந்த ஒவ்வொரு பேருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. எங்கள் கடைப் பேரேட்டில் அம்மா பேருக்குப் பக்கம் இல்லை.

தென்காசிப் பக்கம் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக நடத்திய மளிகைக் கடை அது. சித்தப்பா திருநெல்வேலியில் இருந்து கொள்முதல் பார்த்தார். நாங்கள் கடைக்குப் பின்கட்டில் குடியிருந்தோம். காலை ஐந்தரைக்குக் கடை திறப்பது அம்மா. உளுந்தில் கல் பொறுக்குவது, வற்றலைக் காம்பு கிள்ளிக் காயப்போடுவது, கால் கிலோ, அரைக் கிலோவாகப் பொட்டலம் மடிப்பது, அப்பா வசூலுக்குப் போன நாளில் கல்லாவில் உட்காருவது எல்லாம் அம்மா. மதியம் கடைப் பையன்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைப்பதும் அம்மாதான். கடையைப் பெரிதாக்கப் பணம் போதாதபோது அம்மாவின் சங்கிலியும் நான்கு வளையல்களும் விற்கப்பட்டன. அந்தப் பதிவை நான் பார்த்திருக்கிறேன். ரொக்கக் கணக்கு, பற்று. முதல் கணக்கு, அப்பா பேரில், வரவு.

அம்மாவுக்குச் சம்பளம் என்று ஒன்று எழுதலாமே என்ற யோசனை அப்பாவுக்கு ஒருமுறை வந்தது. கணக்கு எழுதியவர் சிரித்துவிட்டார். "மதினிக்குச் சம்பளம் போட்டாலும் உங்க வருமானத்துலதான் சேப்பாங்க அண்ணாச்சி. எழுதி என்ன பிரயோசனம்?" அவர் சொன்னது உண்மை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. கணவனுக்குக் கணிசமான பங்குள்ள தொழிலில் மனைவி வாங்கும் சம்பளம் கணவனின் வருமானத்தோடு சேரும். அவளுக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அதனால் மட்டுமே வந்த சம்பளம் என்றால்தான் விலக்கு. வரி ஏய்ப்பைத் தடுக்க வந்த பிரிவுதான். உளுந்தில் கல் பொறுக்கத் தகுதிச் சான்றிதழ் யார் தருவார்கள்?

2003இல் அப்பா இறந்ததும் கூட்டாண்மை முடிந்தது. கணக்கு முடித்தார்கள். அப்பாவின் பக்கத்தில் வரவாக அவர் போட்ட முதலும் இலாபப் பங்கும் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் எடுப்புகள். கடை வேறு, உரிமையாளர் வேறு என்பது கணக்கின் அடிப்படைக் கருத்து. கடைச் சரக்கு வீட்டுக்குள் போனால் அது உரிமையாளர் எடுத்தது. பின்கட்டுக்குப் போன அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அப்பாவின் எடுப்புகள். ஊரில் இல்லாத சித்தப்பாவுக்கு அந்தப் பக்கம் அநேகமாக வெறுமை. தொகையைக் கேட்டதும் அம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏன் ஐயா, இவ்வளவுமா நாங்க சாப்பிட்டோம்?"

சாப்பிடவில்லை. கடைப் பையன்கள் சாப்பிட்ட சோறும் அதில் இருந்தது. அது கடையின் செலவு. சித்தப்பாவும் பாதி சுமந்திருக்க வேண்டியது. அம்மா அடுப்பில் வெந்ததால் அது எங்கள் வீட்டுச் சாப்பாடு ஆகிவிட்டது. செலவை எடுப்பாக எழுதுவது பிழை என்று பாடநூலே சொல்கிறது. ஆனால் அந்தச் சோற்றை ஆக்கிய உழைப்புக்கு அங்கே எந்தப் பதிவும் இல்லை. ஒரு நடவடிக்கையை இரண்டு பக்கமும் எழுதாமலே விட்டுவிட்டால் அதற்கு முழுவிடு பிழை என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் விட்டால் இருப்பாய்வு காட்டிக்கொடுக்கும். முழுதாக விட்டால் கூட்டுத்தொகைகள் பைசா பிசகாமல் பொருந்தும். எங்கள் கடைக் கணக்கும் பொருந்தியது.

எடுப்புகள் போக மிஞ்சிய முதல், சட்டப்படி அப்பாவின் வாரிசுகளுக்கு. அம்மா, நான், தம்பி, அப்பத்தா. அம்மாவின் சங்கிலி நான்கு பங்காகி, ஒரு பங்கு அம்மாவிடம் திரும்பி வந்தது.

கடையும் வீடும் வேறு என்ற கோடு ஆதியிலிருந்தே இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 1494இல் வெனிஸில் அச்சான நூலில் லூக்கா பச்சியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கும்போது, வணிகன் முதலில் எழுத வேண்டிய பட்டியலில் நகையும் துணிமணியும் வீட்டுச் சாமானும் உண்டு. வீட்டுச் செலவுக்கும் தனிக் கணக்கு உண்டு. வீட்டு வேலைக்கு மட்டும் அவரிடமும் பக்கம் இல்லை.

நாட்டுக் கணக்கும் இதே கதைதான். ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறையில் வீட்டுக்கென்று நெல் விளைவித்தால் உற்பத்தி. சம்பளத்துக்கு ஒருத்தி சமைத்தால் அதுவும் உற்பத்தி. தன் வீட்டாருக்குத் தானே சோறாக்கினால் இல்லை. நியூசிலாந்து நாடாளுமன்றத்தின் பொதுச் செலவினக் குழுவுக்குத் தலைமை வகித்த மேரிலின் வாரிங் இதைத்தான் 1988இல் ஒரு முழு நூலாக எழுதினார். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். நிமிடங்களை எண்ணியாகிவிட்டது. அவற்றை எழுதப் பேரேட்டில் பக்கம் திறக்கவில்லை.

இப்போது எழுதுவதே பெண்கள்தான். என் மாணவிகள் பட்டம் முடிந்ததும் டேலி படித்துவிட்டு ஜவுளிக் கடையிலும் வண்டி ஷோரூமிலும் கணக்கு வேலைக்குப் போகிறார்கள். எஃப்5 செலுத்தல், எஃப்6 பெறுதல், எஃப்7 குறிப்பேடு என்று விரல்கள் பறக்கும். பற்றும் வரவும் பொருந்தாமல் டேலி பதிவை ஏற்காது. எழுதாததைப் பற்றி அது கேட்பதுமில்லை. யாருக்குக் கணக்குத் தலைப்பு உருவாக்க வேண்டும் என்பதை இன்னும் முதலாளிதான் சொல்கிறார்.

அம்மா பிறகு மகளிர் குழுவில் சேர்ந்தார். அங்கே சேமிப்புப் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். அம்மா தன் பக்கத்தைத் திறந்து பேரைத் தடவிப் பார்த்ததாகவெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். தொகை சரியா என்றுதான் பார்த்தார். ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, தீர்மான நோட்டு எல்லாவற்றையும் ஓர் உறுப்பினரின் மகள் எழுதிக்கொடுத்தாள். கல்லூரி போய்வந்து, ராத்திரியில், சும்மா. நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்றார்கள்.

ஒரு கூட்டத்தில் அம்மா, அந்தப் பெண்ணுக்கு மாதம் நூறு ரூபாய் கொடுத்து அதைச் செலவாக எழுத வேண்டும் என்றார். பெரிய சண்டை. தீர்மான நோட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் ஒருத்தி போட்டாள்.