மிடி

மிடி என்றால் நம் மொழியில் வறுமை. பழைய புலவர்கள் வள்ளல்களைத் தேடி நடந்ததற்குக் காரணமே இந்த மிடிதான். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறொரு மிடி. இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய பொது மொழிக்கு, அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்கள். 2013-இல் இருவருக்கும் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள் என்று நான் ஒருமுறை சொன்னபோது என் அத்தான், "எதுக்கு மாப்ளே? சரியாத்தான வச்சிருக்கான்" என்றார்.

அத்தான் என் பெரியப்பா மகளின் கணவர். மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் குழுவின் தலைவர் யாரோ சிங்கப்பூர்க்காரரிடம் சொல்லி ஒரு தாளப் பெட்டியை வரவழைத்தார். பொத்தானை அமுக்கினால் போதும், பாட்டு முடியும் வரை வாசித்துக்கொண்டே இருக்கும். டீ கேட்காது. பஸ் செலவு கேட்காது. ஊருக்குப் போக வேண்டும், தங்கைக்குச் சீமந்தம் என்று சொல்லாது. பத்துக் கச்சேரிக்கு இரண்டில்தான் அத்தானுக்கு அழைப்பு வந்தது. அக்காள் தையல் இயந்திரம் வாங்கியது அந்த வருஷத்தில்தான். பெட்டியின் முதுகில் ஐந்து துளைகளோடு வட்டமாக ஒரு செருகுவாய் இருந்ததாம். அதற்கு மேலே மிடி என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்ததாம். அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பார் அத்தான். சிரித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

அவர் மகன் இப்போது வேறொரு குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறான். கெட்டிக்காரப் பையன். 2019-இல் தகப்பனாரைப் பிடித்து உட்கார வைத்து, கையால் தட்டக்கூடிய ரப்பர்த் தகடுகளை முன்னால் வைத்து, அவருடைய நடைகள் பதினொன்றைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தான். 2021-இல் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. ஆகவே அந்தப் பதினொன்றும் மிஞ்சியது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

பதிந்து வைத்தான் என்றேனே, அதில் ஓசை கிடையாது. மிடி ஓசையைச் சுமப்பதில்லை. எந்த அடி, எந்த நேரத்தில், எவ்வளவு பலமாக என்ற கணக்கை மட்டுமே சுமக்கிறது. பலத்துக்கு 1 முதல் 127 வரை எண். நம் மிருதங்கக்காரர்கள் சிஷ்யனுக்குத் 'தா தீ தொம் நம்' என்று வாயால் சொல்லிக் கொடுப்பதில்லையா? அந்தச் சொல்லில் தோல் இல்லை, வார் இல்லை, கரணையும் இல்லை. சிஷ்யன் தன் கையால் அடித்தால்தான் அது மிருதங்கம். அந்த மாதிரிதான் இதுவும்.

சென்ற பங்குனியில் ஒரு கோயில் திருவிழாவில் பாட்டு நடுவே பையனின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. மேடையில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்று, கம்ப்யூட்டரின் துணையில்லாமல் தனியே நிற்கக்கூடிய ஒரு தாள எந்திரத்தைப் பழைய விலையில் வாங்கிவிட்டான். டோலக்கின் ஓசைகளை ஒவ்வொன்றாகப் பதிந்து அதில் ஏற்றிக்கொள்ளலாம். தகப்பனாரின் நடைகளை அதற்கு மாற்ற வேண்டும். ஆனால் சரியாக வரும் வரை அவர் காதில் விழக்கூடாது. அதற்காக என் வீட்டு மாடியைத் தேடி வந்தான். எழுதுகிறவன் வீட்டில் சத்தம் இருக்காது என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

முதல் இரவு ஒரே கேலிக்கூத்து. மிடியில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண் உண்டு. 1991-இல் எல்லாருமாக ஒப்புக்கொண்ட பட்டியல்படி 36 பெரிய டிரம், 38 சின்ன டிரம். 35 முதல் 81 வரை போகும் அந்தப் பட்டியலில் பிரேசில் நாட்டு வாத்தியத்துக்குக்கூட இடம் இருக்கிறது. டோலக்குக்கு இல்லை, தபேலாவுக்கு இல்லை, மிருதங்கத்துக்கும் இல்லை. ஆகவே பையன் தன் வசதிப்படி எண் போட்டு வைத்திருந்தான். எந்திரமோ பட்டியலைப் படித்த பிள்ளை. இடக்கையின் கும்கி வர வேண்டிய இடத்தில் போலீஸ்காரர் விசில் ஊதினார். விரல் உருட்டலுக்கு மாட்டு மணி கேட்டது. இரவு பன்னிரண்டு வரை இருவருமாக இந்த எண்ணை அந்த எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தோம். அதாவது அவன் மாற்றினான், நான் காப்பி போட்டேன்.

கோப்பை அப்படியே விழுங்கிக்கொள்ளும் எந்திரங்களும் உண்டு. இது அந்த ஜாதி இல்லை. கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்க, இது கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே காலப்பிரமாணத்தில் போவதற்காகக் கம்ப்யூட்டர் ஒரு துடிப்புக்கு 24 தரம் கம்பி வழியே தட்டிக் கொடுக்கிறது. எந்திரம் அதைக் கேட்டு நடக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. 'தொடங்கு' என்ற உத்தரவும் முதல் அடியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், எந்திரம் உத்தரவுக்குத் தலையாட்டும் நேரத்தில் அடியைத் தவற விட்டுவிடுகிறது. முன்னால் ஓர் ஆவர்த்தனம் வெறுமனே ஓட விட்டுப் பிறகு அதை வெட்டி எறிந்தான். முதல் அடி அகப்பட்டது.

இரண்டாம் இரவு பதினொன்றும் ஏறிவிட்டன. அப்பழுக்கில்லாமல் இருந்தன. மறுநாள் அத்தானை ஆட்டோவில் அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"யாருடா வாசிக்கிறது?"

"நீங்கதாம்ப்பா."

"நானா? சம்பளம் வாங்குன மறுநாள் வாசிச்ச மாதிரில்ல இருக்கு!"

பையன் முகம் சுண்டிவிட்டது. எனக்குப் புரியவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது. எந்திரத்தில் ஒரு வசதி இருக்கிறது. கொஞ்சம் முன்னே பின்னே விழும் அடிகளை அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்து நிறுத்திவிடும். வாங்கிய நாளிலிருந்தே அது விழித்துக்கொண்டிருக்கிறது. அத்தான் வாசிப்பது நிமிஷத்துக்கு 100 துடிப்பு. ஒரு துடிப்பு 600 மில்லிசெகண்டு. அதை நாலாகப் பிரித்தால் 150-க்கு ஒரு கோடு. மூன்றாம் துடிப்புக்கு அடுத்த கும்கியை அத்தான் எப்போதும் இருபது முப்பது மில்லிசெகண்டு தாமதித்துத்தான் போடுவார் என்று கம்ப்யூட்டர்க் கணக்கு காட்டியது. எந்திரம் ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தியிருக்கிறது, பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் மாதிரி.

அதை அணைத்துவிட்டு மறுபடி பதினொன்றையும் ஏற்றினான். அப்போதும் எந்திரம் தன் கணக்கில்தான் எழுதும். ஒரு துடிப்பை அது 96 துண்டாக்குகிறது, துண்டுக்கு ஆறேகால் மில்லிசெகண்டு. முப்பது தாமதம் முப்பத்தொன்றேகால் ஆகும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அத்தான் மறுபடி கேட்டார். வலக்கை விரல்கள் நாற்காலிக் கையில் தட்டின. இடக்கை மடியில் கிடந்தது.

"ம். இப்ப நான்தான்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "இதைக் கச்சேரிக்குக் கொண்டு போகப் போறியா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"எனக்கு என்ன குடுப்பாங்க?"

பையன் என்னைப் பார்த்தான். குழுவில் அவனுக்கு ஓர் ஆள் சம்பளம். பெட்டிக்குள் இருப்பவருக்கு என்று யாரும் எதுவும் தருவதில்லை. என் நாவலை மறுபதிப்புப் போட்டால் எனக்கு ராயல்டி வருகிறது. வர வேண்டும் என்று சட்டமாவது இருக்கிறது. ஆனால் டோலக்கில் மூன்றாம் துடிப்புக்கு அடுத்த அடியைக் கொஞ்சம் தாமதித்துப் போட்டவருக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. ஒரு காலத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிய பெட்டியின் தம்பிக்குள் இன்று அவரே உட்கார்ந்து இனாமாக வாசிக்கிறார் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குழுத் தலைவரிடம் கேட்டே தீர வேண்டும் என்று பையனிடம் சொன்னேன். அவன் தன் பங்கில் பாதியைத் தருவதாகச் சொன்னான். அது வேறு விஷயம், அதைச் சொல்லாதே என்றேன்.

அத்தான் இந்த வாதத்தையெல்லாம் காதில் வாங்கவில்லை. பதினொன்றையும் இன்னொரு தரம் வரிசையாகப் போடச் சொன்னார். ஏழாவது வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத எடுத்துரு."

"ஏன்ப்பா? நல்லாத்தான இருக்கு?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்டா."