ரைடர் முட்டிக்கு எவ்வளவு விலை?

மச்சி, உன் கையில 4.4 கோடி இருக்கு. மொத்த டீமுக்கும் அவ்வளவுதான். பாதிக்கு மேல ஒரே ரைடருக்குக் கொடுப்பியா?

2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் கொடுத்தது. பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி. "அதிகம்டா"ன்னு சொன்னேன், எங்க குருவிநத்தம் பசங்க அடிக்காத குறைதான். முதல் மேட்ச்லயே முட்டி போச்சு, சீசன் முழுக்க வெளியே. ஆனா புதுப்பையன் நரேந்தர் 243 ரைடு பாயிண்ட் எடுத்தான். தலைவாஸ் முதல் முறையா அரையிறுதிக்குப் போனாங்க.

அடுத்த ஏலத்தில் அதே பவனுக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி! அந்த சீசன் அவங்க கடைசி இடம்.

பவன் வாங்கினதுல தப்பே இல்ல. ஏழு பேர் மேல விழுற முட்டி எத்தனை வருஷம் தாங்கும்? கிடைக்கும்போது வாங்கணும். என் கேள்வி கொடுத்தவங்ககிட்டதான். நானா இருந்தா ஒரு கோடியில் நிறுத்திட்டு, மிச்சத்துல ரெண்டு நல்ல கார்னர் எடுப்பேன். நீ?