கடனாவின் கல்லடியில்

சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ஆறுதான் வகுப்பறை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சிவசைலம், ஆழ்வார்குறிச்சிப் பக்கமாக ஓடிவந்து, திருப்புடைமருதூர் அருகே தாமிரபரணியில் சேரும் கடனா நதி. பள்ளியில் தேசிய பசுமைப் படை தொடங்கியதும் அறிவியல் சார் எங்களை அங்கே கூட்டிப்போக ஆரம்பித்தார். மூங்கில் வளையத்தில் கொசுவலையைத் தைத்த ஒரு வலை, வெள்ளைப் பீங்கான் தட்டு, கோடு போட்ட நோட்டு. ஆய்வுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

முதல் வேலை துப்புரவு. பரிகாரம் என்று படித்துறையில் விட்டுப்போன வேட்டியும் சேலையும் மருதமர வேர்களில் சுற்றிக் கிடக்கும். ஊறிக் கனத்த துணியை நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால்தான் வரும். ஷாம்பு பாக்கெட்டுகளைச் சாக்கில் பொறுக்குவோம். குளிக்க வந்த ஆச்சி ஒருத்தி, "என்னல தேடுதிய?" என்று கேட்டவள், விஷயம் தெரிந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு எங்களோடு இறங்கிவிட்டாள்.

அப்புறம்தான் நாங்கள் காத்திருந்த வேலை. "ஏல, கல்லைப் பையப் புரட்டு. பாத்துட்டு இருந்த மாதிரியே வையி" என்பார் சார். கல்லடியில் தட்டையாக ஒட்டியிருக்கும் ஒரு பூச்சி. பின்னால் மூன்று மெல்லிய வால்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி விட்டால் வயிற்றின் இருபக்கமும் செவுள்கள் படபடவென்று துடிக்கும். சிறகு முளைத்தபின் ஓரிரு நாளே வாழும் பூச்சியின் இளம்பருவம் அது. இன்னொரு புழு, தன் வாயில் சுரக்கும் பட்டிழையால் மணல்துகள்களை ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் குடியிருக்கும். ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான ஓட்டம்தான் இவற்றுக்குப் பிடிக்கும். சாக்கடை கலக்கும் இடத்தில் இவை இரா. சேற்றில் சிவப்புப் புழுக்கள்தான் நெளியும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் அவை தாக்குப்பிடிப்பது அதனால்தான். எந்தப் பூச்சி இருக்கிறது என்று பார்த்தே தண்ணீரின் தரத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டோம்.

பாறைமேல் மீன்செதிலும் நண்டோடும் கலந்த எச்சம் கவிச்சி வாடையோடு கிடந்தால் நீர்நாய் வந்துபோயிருக்கிறது என்று பொருள். தேதி, இடம், தண்ணீரின் நிறம் எல்லாம் நோட்டில் ஏறும்.

திருப்புடைமருதூருக்கும் போனோம். கோயிலைச் சுற்றிய மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதால் 2005இல் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. கொக்கு தன் குஞ்சுக்கு மீன் ஊட்டுவதைக் காட்டி சார் கேட்டார்: "அந்த மீனு எதைத் தின்னு வளந்துச்சு?" கல்லடிப் பூச்சி என்று எல்லோரும் கத்தினோம். ஆற்றையும் மரத்தையும் பறவையையும் பிரித்துக் காக்க முடியாது என்பது அன்று புரிந்தது.

ஆசிரியர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஓடை இருக்கும். வெள்ளம் இல்லாத நாளாகப் பார்த்து, பெரியவர்கள் துணையோடு பிள்ளைகளை இறக்குங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்த பிள்ளை அந்தத் தண்ணீரில் குப்பை கொட்ட ஒருநாளும் சம்மதிக்காது.